ஏற்றத்தைப் பார்த்து ஏற்றாதீர்கள், இறக்கத்தைப் பார்த்து ஏற்றுங்கள்
மலைக்குச் சரக்கு அனுப்பும் வணிகர்களுக்கு ஓர் அனுபவப் பாடம்

நம் இதழில் வரிக் கணக்கு, தராசு முத்திரை, கலப்படத் தடைச் சட்டம் என்று பல பாடங்கள் வந்திருக்கின்றன. சரக்கை வண்டியில் ஏற்றுவது பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. "அது லோடுமேன் வேலைதானே, இதில் எழுத என்ன இருக்கிறது" என்று நினைத்து விட்டுவிட்டோம் போலும். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். அந்த நினைப்புக்கு விலை கொடுத்தவர் நான் இல்லை, இன்னொருவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போடிநாயக்கனூரில் பலசரக்கு மொத்த வியாபாரம் எங்கள் குடும்பத் தொழில். எங்கள் வாடிக்கையில் சரிபாதி மலை மேலே இருக்கிறது. ஏலத்தோட்டம், காப்பித் தோட்டம், தோட்டத்துக்குள் தொழிலாளர் தங்கும் லயங்கள், அறுவடைக் காலத்தில் மட்டும் ஆள் இருக்கும் காட்டுக் குடிசைகள் எல்லாவற்றுக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், கருவாடு, சோப்பு இங்கிருந்துதான் போக வேண்டும். கொல்லிமலை, ஜவ்வாதுமலை, கல்வராயன்மலை, வால்பாறை, தாண்டிக்குடி என்று மலைக்குச் சரக்கு அனுப்பும் நம் உறுப்பினர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது பயன்படும்.

1. தார் ரோடு முடிகிற இடம்

எங்கள் பக்கத்து மலைக்குச் சரக்குப் போக்குவரத்து மிகப் பழையது. மூணாறு தேயிலை ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்கு வந்து சேர்ந்தது. 1924 பெருவெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்தது. பாதை இல்லாத இடங்களுக்குக் கோவேறு கழுதையும் குதிரையும் பொதி சுமந்தன. பிறகு ஜீப் வந்தது.

போடியிலிருந்து போடிமெட்டுக்குப் போகும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அது நல்ல சாலை. லாரியே ஏறும். நான் சொல்ல வருவது அந்தச் சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பிய பிறகு வரும் தடத்தைப் பற்றி. கொழுக்குமலைக்குச் சுற்றுலா போனவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். அந்தத் தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில். ஆனால் ஜீப் தடமோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து போகிறது. நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்பைத் தவிர வேறு வண்டி அந்தப் பாதையில் போகாது. பாறையும் சேறும் பள்ளமும்தான் தடம். இப்படிப்பட்ட தடங்கள் எங்கள் மலையில் நிறைய உண்டு.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஏலக்காய் பறிப்பு ஆடி, ஆவணியில் சூடு பிடித்துத் தை வரை போகும். மேலே ஆள் அதிகம் இருக்கும் மாதங்களும், அரிசி அதிகம் தேவைப்படும் மாதங்களும், மழை பெய்யும் மாதங்களும் ஒன்றே. தடம் மிக மோசமாக இருக்கும்போதுதான் நம் வியாபாரம் மிக நன்றாக இருக்கும். ஆசை வருவதும் அப்போதுதான்.

2. 1992 தை மாதத்துக்கு முன்பு

பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது. அப்போது எங்கள் ஊர் மதுரை மாவட்டத்தில் இருந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் கடைப் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது. எனக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை. ஒரு தோட்டத்திலிருந்து பொங்கல் சரக்குக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பச்சரிசி, வெல்லம், பாசிப்பருப்பு, எண்ணெய் டின் எல்லாம் ஜீப்பிலும் பின்னால் மாட்டிய டிரெய்லரிலும் ஏற்றி நானே கூடப் போனேன். ஜீப் முக்கி முனகி ஏறிவிட்டது. ஒரு மூட்டைகூட நனையவில்லை. எனக்குப் பெருமை.

சரக்கை இறக்கியதும் தோட்டத்து மேனேஜர், "வண்டி சும்மாதானே போகுது, இந்தக் காப்பிக் கொட்டையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டுடுங்க, வாடகை தர்றேன்" என்றார். 50 கிலோ மூட்டை பதினொன்று. வெறும் வண்டிக்கு வாடகை கிடைக்கிறதே என்று சரி என்றேன். ஜீப்பில் காலி டின்களும் சாக்குகளும் அடைத்துக் கிடந்ததால் பதினொரு மூட்டையும் டிரெய்லரில் ஏறியது. கயிறு போதவில்லை. எங்கள் கடை லோடுமேன் கூட வந்திருந்தார். நான் அவரை 'அண்ணே' என்பேன். அவர் என்னைத் 'தம்பி' என்பார், கடையில் ஆள் இருந்தால் மட்டும் 'மொதலாளி' என்பார். அவர் டிரெய்லரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தம்பி, நாலு மூட்டையை இறக்கிருவோம், நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றார். "நாளைக்கு யாருண்ணே பொங்கலை விட்டுட்டு மறுபடி வர்றது? மேலே உட்கார்ந்து பிடிச்சுக்கங்க" என்றேன்.

டிரைவரிடம் காலையிலேயே டீசல் கணக்குப் பேசியிருந்தேன். அவர் டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டார். மூன்றாவது வளைவில் டிரெய்லர் பின்னாலிருந்து ஜீப்பைத் தள்ளியது. பிரேக் அடித்தும் நிற்கவில்லை. ஜீப் மலைப் பக்கத்து மண்ணில் முட்டி நின்றது. டிரெய்லர் குறுக்கே மடங்கிக் கவிழ்ந்தது. ஜீப்பில் இருந்த எங்களுக்குச் சிராய்ப்புதான். அண்ணன் வலது கால் டிரெய்லர் விளிம்புக்கு அடியில் இருந்தது.

கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர மூன்று மணி நேரம் ஆயிற்று. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கம் போனதால் நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அது எங்கள் சாமர்த்தியம் இல்லை.

3. டிரெய்லர் என்ன செய்கிறது?

பிறகு பல டிரைவர்களிடமும் பட்டறைக்காரர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நாலு சக்கர ஜீப்பில் 'லோ கியர்' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் எஞ்சின் இழுவை பல மடங்காகும். ஆமை வேகத்தில் எந்த மேட்டிலும் ஏறும். அதனால் நமக்கு ஒரு தவறான எண்ணம் வருகிறது: "ஏறிவிட்டது, ஆகவே இது தாங்கும்." ஏறுவதற்கு எஞ்சின் பலம் போதும். இறங்கும்போது எஞ்சின் பலம் உதவாது. நிறுத்தும் பலம்தான் வேண்டும்.

நாங்கள் மாட்டியிருந்தது இராணுவத்திலிருந்து ஏலத்தில் வந்த இரண்டு சக்கர டிரெய்லர். இரண்டாம் உலகப் போரில் ஜீப்புக்கென்று வடிவமைத்த அந்த ரகத்துக்குக் 'கால் டன்' என்று பெயர். கரடுமுரடான தடத்தில் அதற்குச் சொன்ன அளவு 500 பவுண்டு, அதாவது சுமார் 225 கிலோ. நான் ஏற்றியது 550 கிலோ. அதில் வண்டியை நிறுத்தி வைப்பதற்கான கைப் பிரேக் மட்டுமே உண்டு. ஓடும்போது பிடிக்கும் பிரேக் கிடையாது. டிரெய்லரையும் சேர்த்து ஜீப்பின் நாலு சக்கரம்தான் பிடிக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டிரெய்லரின் சொந்த எடை சுமார் 250 கிலோ, சரக்கு 550 கிலோ, மொத்தம் 800 கிலோ. ஐந்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 160 கிலோ, ஜீப்பை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். நேர்ப்பாதையில் அந்தத் தள்ளல் நேராக இருக்கும். வளைவில் அது ஜீப்பின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளும். ஈர மண்ணில் பின் சக்கரம் வழுக்க அதுவே போதும்.

ஆகவே முதல் விதி இதுதான்: ஏற்றத்தில் வண்டி எவ்வளவு இழுக்கும் என்று பார்த்து ஏற்றாதீர்கள். இறக்கத்தில் எவ்வளவைப் பிடித்து நிறுத்தும் என்று பார்த்து ஏற்றுங்கள். போகும் சரக்குக்கும் வரும் சரக்குக்கும் இதே விதி. சொல்லப்போனால் வரும் சரக்குக்கு இன்னும் கண்டிப்பாக.

4. மூட்டை எங்கே உட்கார வேண்டும்?

இரண்டு சக்கர டிரெய்லர் தராசு மாதிரி. அச்சுதான் முள். நம் தொழிலே தராசு என்பதால் இது நமக்கு எளிதில் விளங்கும். பாரம் அச்சுக்குப் பின்னால் அதிகமானால் முன் கொக்கி மேலே எழும்பி ஜீப்பின் பின் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். ஏற்றத்தில் சக்கரம் சும்மா சுற்றும், இறக்கத்தில் டிரெய்லர் வாலாட்டும். பாரம் முழுவதும் முன்னால் குவிந்தால் ஜீப்பின் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரத்தின் பிடி குறைந்து, ஸ்டியரிங் லேசாகிவிடும்.

மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இருக்கும்படி, அச்சுக்குச் சற்று முன்னால் கனம் வரட்டும். சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. சரக்கு ஏற்றிய டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, கொக்கியைக் கழற்றி ஒரு ஆள் தூக்கிப் பார்க்க வேண்டும். தம் கட்டித் தூக்கினால் சரி. ஒரு கையால் தூக்க முடிந்தால் பின்பாரம். அசையவே இல்லை என்றால் முன்பாரம். மூட்டையை மாற்றி அடுக்குங்கள்.

உயரமும் முக்கியம். கனமானது அடியில், இலேசானது மேலே. அரிசியும் சர்க்கரையும் உப்பும் அடியில். தீப்பெட்டி, அப்பளம், பிஸ்கட் அட்டைப்பெட்டிகள் மேலே. பக்கப் பலகைக்கு மேலே மூட்டை தலை நீட்டினால் அந்த நடைக்கு அது அதிகம் என்று பொருள்.

5. எதன் பக்கத்தில் எதை வைப்பது?

தார் ரோட்டில் ஒரு மணி நேரம் போகும் சரக்கு வேறு, காட்டுத் தடத்தில் நாலு மணி நேரம் குலுங்கும் சரக்கு வேறு.

உப்பு மூட்டை மலை ஈரத்தில் கசியும். சர்க்கரை, வெல்லம், தீப்பெட்டி மூன்றும் அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது. வெல்லச் சிப்பத்தின் மேல் கனம் வைத்தால் கீழே இறக்கும்போது பாகாக இருக்கும். சோப்பு, வாசனைப் பத்தி, பினாயில் ஆகியவற்றைத் தேயிலைத் தூளோடும் மாவோடும் சேர்க்காதீர்கள். மேலேயுள்ள கடைக்காரர் அந்தத் தேயிலையை விற்க முடியாது. கருவாட்டைத் தனியாகத் தார்ப்பாயில் சுற்றிக் கடைசியாக வையுங்கள். எண்ணெய் டின் நிமிர்ந்து நிற்க வேண்டும், டின்னுக்கும் டின்னுக்கும் நடுவே சாக்கு வேண்டும். குலுக்கலில் தகரமும் தகரமும் உரசினால் ஓட்டை விழும். முட்டைத் தட்டு ஜீப்பில் ஆள் மடியில் போவதே நல்லது.

பழைய இராணுவ டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதன் பெட்டி தண்ணீர் புகாதபடி தொட்டி போலச் செய்தது. மேலிருந்து மழை விழுந்தால் அதே தொட்டியில் தண்ணீர் தேங்கும். அடியில் தண்ணீர் வடிய மூடி போட்ட துளைகள் இருக்கும். மழைக்காலத்தில் அவற்றைத் திறந்து வையுங்கள். அடியில் மரச்சட்டம் போட்டு அதன் மேல் மூட்டை அடுக்குங்கள். தெரியாமல் ஒரு மூட்டைச் சர்க்கரையைக் கரைத்தவன் சொல்கிறேன்.

கயிற்றில் சிக்கனம் பார்க்காதீர்கள். கால் மணி நேரம் குலுங்கிய பிறகு மூட்டைகள் அமுங்கிக் கயிறு தளரும். முதல் மேடு ஏறியதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். கயிறு போதாத இடத்தில் ஆளை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதிவிட்டேன்.

6. இறங்கும்போது

டிரைவர்களிடம் ஒரு பழைய சொல் உண்டு: "ஏறின கியரில் இறங்கு." எந்தக் கியரில் அந்த மேட்டை ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும். பிரேக்கை எப்போதாவது தொட்டால் போதும். நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் தொடர்ந்து தேய்ந்து சூடேறினால் ஒரு கட்டத்துக்கு மேல் பிடிக்காது. எஞ்சினையே நிறுத்திவிட்டு இறங்குவது இன்னும் ஆபத்து. இப்போதைய வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வேக்கம் எஞ்சின் ஓடினால்தான் கிடைக்கும். நின்றுபோனால் பெடல் கல்லாகிவிடும்.

இதில் முதலாளிகள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. டிரைவரிடம் டீசல் கணக்குப் பேசாதீர்கள். பேசினால் அவர் எங்கே மிச்சம் பிடிப்பார் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

கொக்கிப் பின்னுக்குப் பூட்டு ஊசி இருக்கிறதா, கொக்கி கழன்றாலும் டிரெய்லர் ஓடிவிடாமல் பிடிக்கச் சங்கிலி இருக்கிறதா என்று புறப்படுமுன் பார்க்க வேண்டும். இரண்டு மரக்கட்டைகள் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். வியாபாரத்தில் முட்டுக்கட்டை என்றால் நமக்குப் பிடிக்காது. மலையில் அதுதான் காப்பாற்றும். கட்டை போடும் ஆள் மேட்டுப் பக்கமாகவே நிற்க வேண்டும். வண்டிக்கு நேர் கீழே ஒருபோதும் நிற்கக் கூடாது.

7. சரக்கு மேல் ஆள் வேண்டாம்

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வண்டிக்கு எழுதிய எடைக்கு மேல் ஏற்றுவது குற்றம். அதைவிட நம் ஆட்கள் கவனிக்காத விஷயம் இன்சூரன்ஸ். சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவர் அனுப்பிய ஆள் போகலாம் என்பதற்கு 1994 திருத்தத்துக்குப் பிறகு இன்சூரன்ஸில் இடம் உண்டு. "வழியில் இறக்கிவிடுங்க" என்று ஏறும் நாலு பேருக்கு அது பொருந்தாது. விவசாயத்துக்கென்று பதிவு செய்த டிராக்டரை வாடகைக்குச் சரக்கு ஏற்றப் பயன்படுத்தினால் விபத்தின்போது கம்பெனி கைவிரிக்க இடமுண்டு. வண்டியை அமர்த்துமுன் இன்சூரன்ஸ் தாளை வாங்கி ஒரு முறை படியுங்கள். மாநில எல்லை தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் இல்லாமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

மலைத் தடத்தில் நடந்து போகிறவர் கை நீட்டினால் மறுப்பது மனசுக்குக் கஷ்டம்தான். ஜீப்பில் இடமிருந்தால் உட்கார வையுங்கள். டிரெய்லரில் மட்டும் யாரையும் ஏற்றாதீர்கள்.

8. ஒரு நடை மிச்சம் என்றால் எவ்வளவு?

பேரேட்டில் போட்டுப் பார்ப்போம். உதாரணமாக, மேலே போக வேண்டிய சரக்கு 1,800 கிலோ, ஒரு நடைக்கு வாடகை 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவோடு 600 கிலோ வீதம் மூன்று நடை போனால் வாடகை 9,000. கிலோவுக்கு 5 ரூபாய். அளவை மீறி 900 கிலோ வீதம் இரண்டு நடையில் முடித்தால் 6,000. கிலோவுக்கு 3 ரூபாய் 33 காசு. மிச்சம் கிலோவுக்கு ஒரு ரூபாய் 67 காசு, மொத்தம் 3,000 ரூபாய்.

நம் ஆசை முழுவதும் இந்த 3,000 ரூபாய்தான். அச்சு முறிந்தாலோ, ஒரு டயர் வெடித்தாலோ, நாலு டின் எண்ணெய் கொட்டினாலோ அது போய்விடும். காலுக்கு நான் கணக்குப் போடவில்லை. அதற்குப் பேரேட்டில் பக்கம் இல்லை.

மூன்றாவது நடையின் வாடகையை அடக்க விலையில் சேர்த்து மேலேயுள்ள கடைக்காரரிடம் சொல்லி வாங்குங்கள். மறைக்க வேண்டாம். காரணம் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். அந்தத் தடத்தில் தினமும் போகிறவர்கள் அவர்கள். மழை உறைக்குமுன்பே அரிசி, உப்பு, பருப்பு போன்ற கனச் சரக்குகளை மேலே சேர்த்துவிட்டால் மழைக்காலத்தில் இலேசான சரக்கு மட்டும் போனால் போதும். நடையும் குறையும்.

9. "போதும்" என்று சொல்வது யார்?

அண்ணன் எட்டு மாதம் கழித்துக் கடைக்குத் திரும்பி வந்தார். ஆஸ்பத்திரிச் செலவையும் வீட்டுச் செலவையும் நாங்கள் பார்த்துக்கொண்டோம். அது கடமை, தர்மம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தராசுப் பக்கம் அவருக்கு நாற்காலி போட்டோம். என்னை அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "நானும்தானே தம்பி ஏறி உட்கார்ந்தேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். ஆனால் நான் ஏறச் சொல்லாமல் அவர் ஏறியிருக்க மாட்டார். இது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மலைக்குப் போகும் வண்டியில் எவ்வளவு ஏற்றுவது என்பதை அன்றிலிருந்து அவரிடம் விட்டுவிட்டேன். ஊன்றுகோலோடு வந்து வண்டியைச் சுற்றிப் பார்ப்பார். டிரெய்லர் கொக்கியைத் தூக்கிப் பார்க்கச் சொல்வார். "போதும்" என்றால் போதும். அதன் பிறகு தோட்டத்து மேனேஜர் போன் செய்தாலும் சரி, நானே சொன்னாலும் சரி, ஒரு மூட்டை கூட ஏறாது. முதல் வருடம் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. இரண்டு தோட்டத்துக் கணக்கு வேறு கடைக்குப் போனது. பிறகு ஒன்று திரும்பி வந்தது.

மயிலிறகையே ஏற்றினாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொன்னது பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்ததுதான். அந்த அளவைச் சொல்ல வேண்டியது யார் என்பதுதான் என் அனுபவத்தில் கற்ற பாடம். வாடகை மிச்சமாகிறவனுக்கு அளவு தெரியாது. வண்டியோடு போகிறவனுக்குத் தெரியும்.

அண்ணன் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது மலைச் சரக்கில் பாதி குட்டி யானையில் போகிறது. தடம் மோசமான இடத்துக்கு மட்டும் ஜீப். வழக்கம் மட்டும் மாறவில்லை. வண்டியோடு போகும் டிரைவரும் லோடுமேனும் "போதும்" என்று சொன்னால்தான் தார்ப்பாய் மூடுவோம்.

உங்கள் கடையிலிருந்து அடுத்த வண்டி மலைக்குப் புறப்படும்போது கல்லாவை விட்டு ஒரு நிமிடம் எழுந்து வாருங்கள். கூடப் போகிற ஆளைக் கூப்பிட்டு, "இவ்வளவு போதுமாண்ணே?" என்று கேளுங்கள். அவர் பதிலுக்குக் கட்டுப்படுங்கள். இறக்கத்தில் அந்த வண்டியில் இருக்கப்போவது அவர்தான்.